ஒத்துழைப்பும் மோதலும்: பாண்டுப்பிலிருந்து படிக்க முக்கியக் குறிப்புகள்

மானுடவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களும், சமூகவியல், சுற்றுச்சூழல் தாள்களுக்குத் தயாராகிறவர்களும் இந்தத் தலைப்பைப் பெயர்களும் ஆண்டுகளுமாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெயரும் ஆண்டும் வேண்டும்தான். ஆனால் மும்பையின் பாண்டுப்பில் உட்கார்ந்து படிக்கும் மாணவருக்கு எடுத்துக்காட்டுகள் வீட்டைச் சுற்றியே கிடக்கின்றன. மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள், அவற்றின் சரிவில் நெருக்கமான குடியிருப்புகள், பக்கத்திலேயே மும்பைக் குடிநீரில் பெரும்பகுதியைச் சுத்திகரிக்கும் பாண்டுப் காம்ப்ளெக்ஸ். கிழக்கே உப்பளங்களும் அலையாத்திக் காடும் தாணே கடற்கழியும். காடு, நீர், கழி மூன்றுமே பலர் பங்கிட்டு வாழ வேண்டியவை.

இந்தக் குறிப்புகள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் பின்தொடர்கின்றன. நாளைக்கும் இதே இடத்தில், இதே ஆட்களோடு இருப்போம் என்ற உறுதி ஒருவருக்கு இருக்கிறதா? ஒத்துழைப்பைப் பற்றிய கோட்பாடுகளில் பாதி இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன. விடையெழுதும்போது இதைப் பிடித்துக்கொண்டால் கோட்பாடும் எடுத்துக்காட்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்காது.

கோட்பாடுகள்: பெயர், ஆண்டு, சாரம்

• டார்வின், 'மனிதனின் தோற்றம்', 1871: ஒருவருக்கொருவர் உதவத் தயங்காத உறுப்பினர்கள் அதிகமுள்ள குழு மற்றக் குழுக்களை வெல்லும் என்றார். குழுத் தெரிவு விவாதத்தின் விதை இங்கே இருக்கிறது.

• க்ரோபோட்கின், 'பரஸ்பர உதவி', 1902: ரஷ்யர். சைபீரியாவில் கண்டதை வைத்து, கடுமையான சூழலில் பிழைக்க உதவுவது இனத்துக்குள் போட்டியைவிடக் கூட்டுறவுதான் என்று வாதிட்டார். ஹக்ஸ்லியின் 1888 கட்டுரைக்கு அவர் தந்த மறுப்பு இது.

• டபிள்யூ.டி. ஹாமில்டன், 1964: உறவினர் தெரிவு. சூத்திரம்: உறவுக் கெழு × பயன் > செலவு. உறவுக் கெழு: உடன்பிறந்தோருக்கு 1/2, மாமன்–மருமகனுக்கு 1/4, முதல் நிலை ஒன்றுவிட்ட உடன்பிறப்புக்கு 1/8. கணக்குக் கேட்டால்: செலவு 2, பயன் 10 என்றால் உடன்பிறப்புக்கு 5 > 2, உதவும் பண்பு பரவும். ஒன்றுவிட்ட உடன்பிறப்புக்கு 1.25 < 2, பரவாது. 'உறவினர் தெரிவு' என்ற பெயரைத் தந்தவர் ஜான் மேனார்ட் ஸ்மித், அதே 1964-இல்.

• ஜே.பி.எஸ். ஹால்டேன்: உறவினர் தெரிவுக் கருத்தை முன்னதாகவே தொட்டவர். 1957-இல் இந்தியா வந்து கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார், 1961-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார், 1964-இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

• ராபர்ட் டிரிவர்ஸ்: 1971-இல் பரிமாற்றத் தன்னலமின்மை, 1974-இல் பெற்றோர்–பிள்ளை மோதல். உறவில்லாதவருக்கு உதவுவது எப்படி நிலைக்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை 1971 கட்டுரை.

• மேனார்ட் ஸ்மித், ஜார்ஜ் பிரைஸ், 1973: பருந்து–புறா மாதிரி (விடாமல் சண்டையிடுவது பருந்து, மிரட்டிவிட்டு விலகுவது புறா). சண்டையில் கிடைப்பதைவிடக் காயத்தின் இழப்பு அதிகமென்றால், பருந்துகளின் பங்கு = பரிசு ÷ இழப்பு என்ற அளவில் நிலைபெறும். பரிசு 2, இழப்பு 6 என்றால் மூன்றில் ஒரு பங்கு பருந்து. விலங்குகள் பெரும்பாலும் சாகும்வரை மோதாமல் மிரட்டலோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம். இனத்தைக் காக்கும் நல்லெண்ணம் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

• எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கேக்டர், 2002: தனக்கு லாபமில்லை என்றாலும் ஏமாற்றுபவரைக் கைக்காசு செலவழித்துத் தண்டிக்க மனிதர் முன்வருகிறார்கள். தண்டனைக்கு வாய்ப்பிருந்தபோது பங்களிப்பு உயர்ந்தது, இல்லாதபோது சரிந்தது.

• இந்தியக் களங்கள்: ராகவேந்திர கடக்கரின் 'ரோபாலிடியா மார்ஜினேட்டா' குளவி ஆய்வு (பெங்களூரு, இந்திய அறிவியல் கழகம்). சுகியாமா 1962-இல் தார்வாரில் கண்ட அனுமன் மந்திக் குட்டிக்கொலை. அதைப் பெருக்க உத்தியாக விளக்கிய சாரா ஹிர்டியின் ஆபு மலை ஆய்வு, நூலாக 1977-இல்.

மறுபடி சந்திப்போம் என்ற நிலை

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். கைதிகளின் சிக்கலை 1950-இல் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் வடிவமைத்தார்கள். கைதிகள் கதையையும் பெயரையும் ஆல்பர்ட் டக்கர் தந்தார். ஒரே ஒருமுறை சந்தித்துப் பிரிகிறவர்களுக்கு ஏமாற்றுவதே லாபம். ஆட்டம் தொடர்ந்தால் என்ன ஆகும்?

ராபர்ட் ஆக்ஸல்ராட் இதற்குக் கணினிப் போட்டி நடத்தினார். முதல் சுற்றில் 14 நிரல்கள், இரண்டாவதில் 62. இரண்டிலும் வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல், 'பதிலுக்குப் பதில்': முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே நீயும் செய். 1981-இல் ஹாமில்டனோடு சேர்ந்து கட்டுரை, 1984-இல் 'ஒத்துழைப்பின் பரிணாமம்' நூல்.

பலரும் தவறவிடும் எண் ஒன்று இதில் இருக்கிறது. ஆக்ஸல்ராட் பயன்படுத்திய மதிப்பெண்கள் 5, 3, 1, 0. தான் மட்டும் ஏமாற்றினால் 5, இருவரும் ஒத்துழைத்தால் 3, இருவரும் ஏமாற்றினால் 1, ஏமாந்தவருக்கு 0. இந்த எண்களுக்கு, 'பதிலுக்குப் பதில்' உத்தி நிலைக்க வேண்டுமானால் மறுபடி சந்திக்கும் வாய்ப்பு குறைந்தது மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நேற்றுவரை ஒழுங்காக இருந்தவருக்கும் ஏமாற்றுவது லாபமாகிவிடும். ஆட்களின் குணம் மாறவில்லை, எதிர்காலம்தான் சுருங்கியிருக்கிறது.

• ஆக்ஸல்ராட் தரும் எடுத்துக்காட்டு: முதல் உலகப்போரில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் இருந்த வீரர்கள் சொல்லாமலே சுடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். மேலதிகாரிகள் திடீர்த் தாக்குதல்களைக் கட்டாயமாக்கிய பிறகே அது உடைந்தது.

இதே அளவுகோலை மும்பைக் குடிசைப்பகுதியில் வைத்துப் பாருங்கள். எந்த ஆண்டுக்கு முன் குடியேறியதற்குச் சான்று இருக்கிறது என்பதே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. மகாராஷ்டிரத்தில் தகுதித் தேதி 1.1.1995 என்று இருந்தது, பின்னர் 1.1.2000 ஆனது. தேசியப் பூங்கா நிலத்தில் குடியிருந்தவர்களை அகற்ற மும்பை உயர்நீதிமன்றம் 1997-இல் ஆணையிட்டது. மும்பைச் சுற்றுச்சூழல் நடவடிக்கைக் குழு தொடுத்த பொதுநல வழக்கு அது. மாற்றிடம் யாருக்கு, யாருக்கு இல்லை என்பதற்கு அங்கேயும் 1995-தான் கோடு. ஒரே சந்தில் ஒரு வீட்டுக்கு நாளை உண்டு, அடுத்த வீட்டுக்கு இல்லை. அப்படிப்பட்ட சந்தில் சாக்கடைக்கும் பொதுக் கழிப்பறைக்கும் ஏன் எல்லோரும் பணம் போடவில்லை என்று குடியிருப்பவர்களைக் குறை சொல்வது அநியாயம். நாளை என்பதை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, நாளைக்கான பொறுப்பைக் கேட்கிறோம்.

• ஓல்கா டெல்லிஸ் வழக்கு, 1985: வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் (பிரிவு 21). நடைபாதைவாசிகளை அகற்றுவதற்கு முன் அறிவிப்புத் தர வேண்டும்.

• ஜோக்கின் அற்புதம்: கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மான்குர்டு ஜனதா காலனியில் வாழ்ந்து குடிசைவாசிகளைத் திரட்டினார். 1976 நெருக்கடிநிலைக் காலத்தில் காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் நிறுவனர். மகசேசே விருது 2000, பத்மஸ்ரீ 2011, மறைவு 2018.

• மகிளா மிலன்: பைகுல்லா நடைபாதைப் பெண்களிடமிருந்து எழுந்த சேமிப்புக் குழுக்களின் வலைப்பின்னல். 1984-இல் ஷீலா படேல் உள்ளிட்டோர் தொடங்கிய 'ஸ்பார்க்' அமைப்போடும் ஜோக்கினின் கூட்டமைப்போடும் இணைந்து இயங்கியது. தினமும் வீடு வீடாகப் போய்ச் சில்லறை வாங்குவது இதன் முறை. சேர்ந்த தொகையைவிடத் தினசரிச் சந்திப்பு பெரியது என்பது என் கருத்து. அரசு தராத 'மறுபடி சந்திப்போம்' என்ற நிலையை அந்தப் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

தண்ணீர்

• காரெட் ஹார்டின், 1968, 'பொதுவளங்களின் அவலம்': எல்லோருக்கும் திறந்த மேய்ச்சல் நிலம் அழியும். தீர்வு அரசுக் கட்டுப்பாடு அல்லது தனியுடைமை என்றார். பின்னாளில் தான் சொன்னது மேலாண்மை செய்யப்படாத பொதுவளத்தைப் பற்றி என்று அவரே திருத்திக்கொண்டார்.

• எலினார் ஆஸ்ட்ரம், 'பொதுவளங்களை ஆளுதல்', 1990: பொருளியல் நோபல் 2009 (ஆலிவர் வில்லியம்சனோடு பகிர்வு), அப்பரிசு பெற்ற முதல் பெண். நீண்டகாலம் நிலைத்த பொதுவள அமைப்புகளில் கண்ட 8 கொள்கைகள்: தெளிவான எல்லை, இடத்துக்கேற்ற விதி, விதி செய்வதில் பயனாளிகளின் பங்கு, கண்காணிப்பு, படிப்படியான தண்டனை, செலவில்லாத தகராறுத் தீர்வு, தாங்களே அமைத்துக்கொள்ளும் உரிமைக்கு அரசின் ஏற்பு, பெரிய அமைப்பானால் அடுக்கடுக்கான நிர்வாகம்.

• டைசன்-ஹட்சன், எரிக் ஸ்மித், 1978: வளம் செறிவாகவும், எப்போது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தும் இருந்தால் மனிதர் எல்லை வகுத்துக் காப்பார்கள். சிதறியும் நிச்சயமின்றியும் இருந்தால் காக்கும் செலவு கட்டுப்படியாகாது, பகிர்வார்கள். சூழலியல் கோணம் என்று வினாவில் வந்தால் இதை எழுதாமல் விடாதீர்கள்.

பாண்டுப் பக்கம் வருவோம். விஹார் ஏரி 1860, துளசி ஏரி 1879: நகரத்துக்குக் குழாய்நீர் தந்த முதல் ஏரிகள், இரண்டும் இன்று தேசியப் பூங்காவுக்குள். மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளில் மற்றவை தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா. தொலைவிலிருந்து வரும் நீரின் பெரும்பகுதி ஆசியாவின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றான பாண்டுப் காம்ப்ளெக்ஸைக் கடந்தே நகருக்குப் போகிறது. அதை ஒட்டிய குன்றுச் சரிவுகளில் மேடு ஏற ஏறத் தண்ணீர் அழுத்தம் குறையும். பக்கத்தில் இருப்பதால் மட்டும் நீர் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம்.

குடிசைப்பகுதிகளில் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மீட்டர் இணைப்பு வாங்கும் வழக்கம் உண்டு. ஒருவர் செக்ரெட்டரி, பில்லைப் பிரிப்பதும் கட்டுவதும் அவர் பொறுப்பு. ஆஸ்ட்ரத்தின் எல்லை, கண்காணிப்பு, தகராறுத் தீர்வு மூன்றும் இந்தச் சிறிய குழுவில் இருக்கின்றன. தண்ணீர் வரும் நேரமும் தெரியும், இடமும் தெரியும். ஆகவே டைசன்-ஹட்சன் சொன்னபடி குழாயடி காக்கப்படுகிறது, முறை தவறினால் சண்டை வருகிறது. குழாயடிச் சண்டையைக் குணக்கேடாக எழுதாதீர்கள். இல்லாமல் போனது ஏழாவது கொள்கை, அதாவது அரசின் ஏற்பு. சட்டபூர்வ இணைப்பு மறுக்கப்பட்டவர் எவ்வளவு ஒழுங்காக முறை வைத்துக்கொண்டாலும் அந்த ஒழுங்குக்கு உத்தரவாதம் இல்லை.

• பானி ஹக் சமிதி வழக்கு, மும்பை உயர்நீதிமன்றம், டிசம்பர் 2014: குடியிருப்பு சட்டவிரோதமானது என்ற காரணத்தால் குடிநீரை மறுக்க முடியாது, அது பிரிவு 21-இல் அடங்கும். 2022-இல் மும்பை மாநகராட்சி 'அனைவருக்கும் தண்ணீர்' கொள்கையை அறிவித்தது. மேலே சொன்ன ஏழாவது கொள்கைக்கு இந்திய எடுத்துக்காட்டாக இந்தத் தீர்ப்பை எழுதலாம்.

• தமிழ்நாட்டு இணை: ஏரிப் பாசனத்தில் மடை திறந்து முறை வைக்கும் நீர்க்கட்டி, ஊர்கூடிக் கரையும் வாய்க்காலும் செப்பனிடும் குடிமராமத்து.

காடும் சிறுத்தையும்

பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கி.மீ. 2004-இல், குறிப்பாக ஜூன் மாதத்தில், சிறுத்தைத் தாக்குதல்களில் பலர் இறந்தார்கள். வெளியே பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டது மோதலைக் கூட்டியிருக்கும் என்று வித்யா அத்ரேயா முதலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011-இல் வனத்துறை 'மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்.ஜி.என்.பி.' (சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்காக மும்பைவாசிகள்) திட்டத்தைத் தொடங்கியது. குப்பையை அகற்றுவது, விளக்கு போடுவது, குழந்தைகளை இருட்டில் தனியே அனுப்பாதிருப்பது, கூட்டம் கூடி விலங்கை மிரட்டாதிருப்பது ஆகியவை அதன் வேலை. வார்லிப் பழங்குடியினர் வாகோபா என்ற பெரும்பூனைத் தெய்வத்தை வணங்கி வருகிறார்கள். இங்கே சிறுத்தையின் உணவில் தெருநாய்க்குக் கணிசமான பங்கு உண்டு. அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,000 நாய்க்கடிகள் தவிர்க்கப்படலாம் என்று 2018-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

தேர்வுக்கு இதை மனித–விலங்கு மோதல் என்று மட்டும் எழுதினால் போதாது. காட்டின் நன்மை நகரம் முழுவதற்கும், இரவில் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய ஆபத்து குன்றடிக் குடியிருப்புக்கும் பாடா எனப்படும் பழங்குடிச் சிற்றூருக்கும். பயனும் செலவும் வெவ்வேறு ஆட்களிடம் விழும்போது எந்தக் கூட்டு ஏற்பாடும் தளரும். வீட்டுக்குள் கழிப்பறை என்பது இந்த ஊரில் வனவிலங்குப் பாதுகாப்பு நடவடிக்கையும்கூட.

கழியும் கடலும்

• தாணே கடற்கழிப் பூநாரைச் சரணாலயம்: அறிவிப்பு 2015, ராம்சார் தகுதி 2022. பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பகுதி பறவை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த இடம். கழியை நம்பி வாழ்கிறவர்கள் கோலி மீனவர்கள். எல்லை வரைந்தவர்களோடு இவர்களும் விதி செய்யும் இடத்தில் இருக்கிறார்களா என்பதே ஆஸ்ட்ரத்தை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

• பழவேற்காடு: மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' முறை. நல்ல இடம் சுழற்சியில் எல்லோருக்கும் வரும்.

• பாக் நீரிணை: ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரே கடலில் இந்த ஏற்பாடு ஒரு கரையின் இரு தரப்புக்கு இடையே நிற்கிறது, இரு கரைகளுக்கு இடையே நிற்கவில்லை. இலங்கை வடக்கு மீனவர்களும் தமிழர்களே. உறவும் மொழியும் இருந்தும், தண்டிக்கவும் சமரசம் செய்யவும் பொதுவான மன்றம் இல்லை. விசைப்படகுகள் பயன்படுத்தும் இழுவலையை இலங்கை 2017-இல் தடை செய்தது.

உள்ளே ஒற்றுமை, வெளியே பகை

• சோய், போல்ஸ், 2007: தன் குழுவுக்காகத் தியாகம் செய்வதும் வெளிக்குழுவைப் பகைப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தே பரிணமித்திருக்கலாம். தனித்தனியே இரண்டும் நிலைப்பது கடினம்.

• முசாஃபர் ஷெரிஃப், 1954, ராபர்ஸ் கேவ், ஓக்லஹோமா: 22 சிறுவர், இரு குழுக்கள். போட்டி பகையை வளர்த்தது. வெறுமனே ஒன்றாகச் சாப்பிட உட்காரவைத்தது பகையைத் தணிக்கவில்லை. முகாமின் தண்ணீர் வரத்து நின்றபோது இரு குழுவும் சேர்ந்து தேட வேண்டி வந்தது. அப்படி அடுத்தடுத்து வந்த பொதுத் தேவைகளே பகையைக் குறைத்தன.

• மும்பை: 1966 ஜூன் 19 சிவசேனை தொடக்கம். முதல் ஆண்டுகளில் அலுவலக வேலைகளை முன்வைத்துத் தென்னிந்தியர் எதிர்ப்பு. வளப்போட்டி மாதிரிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் நேரில் கண்ட எடுத்துக்காட்டு.

• 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்கள்: ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின்படி 900 பேர் இறந்தனர். 1970-இலும் 1984-இலும் கலவரத்தில் எரிந்த பிவண்டி அப்போது அமைதியாக இருந்தது. 1988 முதல் காவல் துணை ஆணையர் சுரேஷ் கோப்டே அங்கே மொகல்லா கமிட்டிகளை அமைத்து, இரு மதத்தவரையும் சண்டை இல்லாத நாள்களிலேயே சந்திக்கவைத்திருந்தார். கலவரம் வந்த பிறகு கூட்டும் அமைதிக் குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விடையில் கட்டாயம் எழுதுங்கள்.

• அசுதோஷ் வார்ஷ்ணே, 2002: கோழிக்கோட்டையும் அலிகாரையும் ஒப்பிட்டு, இரு சமூகத்தவரும் கலந்த சங்கங்கள், தொழிற்சங்கங்கள், வணிக உறவுகள் கலவரத்தைத் தடுப்பதைக் காட்டினார்.

சாதி பற்றிய வினா வந்தால்

மாதவ் காட்கிலும் கே.சி. மல்ஹோத்ராவும் 1983-இல் சாதியைச் சூழலியல் கோணத்தில் ஆராய்ந்தார்கள். மேற்கு மகாராஷ்டிரத்தில் பாஸ் பார்தி, வைது, நந்திவாலா என்ற நாடோடிக் குழுக்கள் ஒரே நிலப்பரப்பில் வெவ்வேறு உயிரினங்களை, வெவ்வேறு முறையில் வேட்டையாடின. போட்டி குறைந்தது, வளம் சிக்கனமாகப் பயன்பட்டது. கருத்துக்கு ஆதாரம் உண்டு. அதோடு நிறுத்திவிட்டால் விடை பாதி பொய். வேலையை மட்டும் அல்லாமல் வேலை செய்கிறவர்களையே சாதி பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் காட்டினார். போட்டியைக் குறைத்த ஏற்பாடு யாருடைய முதுகின்மேல் நின்றது என்ற கேள்வி இல்லாமல் சூழலியல் விளக்கம் நியாயப்படுத்தலாக மாறிவிடும்.

• இ.ஓ. வில்சன், 'சமூக உயிரியல்', 1975: கடைசி அத்தியாயம் மனிதரைப் பற்றியது, பெரும் சர்ச்சை.

• செவில் அறிக்கை, 1986 (யுனெஸ்கோ ஏற்பு 1989): போர் மனித இயல்பிலேயே எழுதப்பட்டது என்பது அறிவியல்படி தவறு.

குழம்பும் இடங்கள்

• கோம்பே சிம்பன்சிப் போர் 1974–78, கசகேலா குழு எதிர் கஹாமா குழு (தான்சானியா). பழங்கால மோதலுக்குச் சான்றாகக் காட்டப்படும் நட்டாருக் மனித எலும்புக்கூடுகள் கென்யாவில், சுமார் 10,000 ஆண்டுப் பழமை, ஆய்வு வெளியானது 2016.

• டன்பார் எண் சுமார் 150, ஆண்டு 1992. மூளைப் புறணி அளவிலிருந்து வந்த மதிப்பீடு, விதி அல்ல.

• 15 சிறு சமூகங்களில் பங்கீட்டு ஆட்ட ஆய்வு (கையில் தந்த தொகையில் மற்றவருக்கு எவ்வளவு பங்கு தருகிறார்கள் என்று பார்ப்பது): ஜோசஃப் ஹென்ரிக் குழு, 2001. சேர்ந்து திமிங்கில வேட்டையாடும் இந்தோனேசிய லமலேரா மக்கள் தாராளமாகவும், குடும்பத்துக்கு வெளியே கூட்டுவேலை குறைந்த பெருவின் மச்சிகெங்கா மக்கள் குறைவாகவும் பங்கு தந்தார்கள். பங்கின் அளவு அன்றாடப் பிழைப்பு முறையோடு ஒத்துப்போனது, தனியாள் வயதோடும் பாலினத்தோடும் அல்ல.